முருங்கைக்கீரையா, தண்டுக்கீரையா? சத்துக் கணக்கில் தீராத ஒரு வழக்கு

இரத்தசோகை என்று மருத்துவர் சொன்னால் மறுநாள் அடுப்பில் முருங்கைக்கீரை ஏறுவது தமிழ்நாட்டு வழக்கம். செட்டிநாட்டில் இது இன்னும் எளிது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துச் செம்மண்ணில் அதிகத் தண்ணீர் கேட்காமல் நிற்கும் மரங்களில் முருங்கையும் ஒன்று. பின்கட்டுக்கு அப்பால் ஒரு மரம் நின்றால் கீரைக்குச் சந்தைக்குப் போக வேண்டியதில்லை. சந்தையில் கட்டுக்கட்டாக விற்பது தண்டுக்கீரை, அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை என்று ஒரே பேரினத்தைச் சேர்ந்த கீரைகள். இவற்றில் எதில் சத்து அதிகம் என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் முருங்கையைச் சொல்வார்கள்.

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது, எந்த அளவுக்கு நிற்கும் என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது வெறும் ஆர்வக் கேள்வி இல்லை. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதற்கு முந்தைய ஆய்வில் அது 55 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட பெண்களைத் தொடும் குறைபாட்டுக்கு ஊர் முழுக்கச் சொல்லும் தீர்வு ஒரு கீரை என்றால், அந்தக் கீரையைச் சரியாக அளந்து பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

அளவு சொல்லாத மரபு

மிகப் பழைய பதில் சித்த மருத்துவத்தின் பதில். பதார்த்த குண சிந்தாமணி போன்ற நூல்கள் ஒவ்வொரு கீரைக்கும் குணம் சொல்கின்றன, அளவு சொல்வதில்லை. எது வாதத்தைத் தணிக்கும், எது பித்தத்தைக் கூட்டும், எது பத்தியத்துக்கு ஆகும் என்பதே அங்கே கேள்வி. வீட்டு வழக்கிலும் இதன் சாயல் இருக்கிறது. முருங்கை சூடு, தண்டுக்கீரை குளிர்ச்சி என்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு எது, வயிறு சரியில்லாதவனுக்கு எது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இரவில் கீரை வேண்டாம் என்பார்கள்.

இந்த அணுகுமுறைக்கு ஒரு பலம் உண்டு. சாப்பிடுகிறவர் யார் என்பதை அது முதலில் கேட்கிறது. பின்னால் வந்த அட்டவணைகள் பல பத்தாண்டுகள் இந்தக் கேள்வியை மறந்திருந்தன. பலவீனமும் வெளிப்படையானது. இரண்டு கீரையும் நல்லது என்று ஆன பிறகு, எது எவ்வளவு நல்லது என்று கேட்டால் மரபிடம் எண் இல்லை. இரும்பு, சுண்ணாம்பு என்ற இன்றைய சொற்களைப் பழைய குணங்களோடு நேருக்கு நேர் பொருத்திக் காட்டும் முயற்சிகள் நிறைய நடக்கின்றன. அவற்றில் பலவும் ஊகத்தின்மேல் கட்டப்பட்டவை என்றே தோன்றுகிறது.

குன்னூரில் தொடங்கிய அட்டவணை

எண்கள் நீலகிரியிலிருந்து வந்தன. ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் நடத்திய சத்துக்குறை நோய் ஆய்வுகள்தான் இந்தியாவின் உணவு ஆராய்ச்சிக்கு அடித்தளம். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்த அவர், அரிசியையே பெரிதும் நம்பியிருந்த சென்னை மாகாணத்து ஏழை உணவு கடைசியில் நிற்பதைக் காட்டினார். அவருக்குப் பின் வந்த வாலஸ் அய்க்ராய்டு 1937-ல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பை அட்டவணையாக வெளியிட்டார். சுகாதார அறிக்கை எண் 23 என்ற அந்தச் சிறு நூல், வைட்டமினும் தாதுவும் மலிவாகக் கிடைக்கும் வழி கீரைதான் என்ற எண்ணம் பரவப் பெரிதும் உதவியது.

1958-ல் குன்னூர் ஆய்வகம் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. 1969-ல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்று பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த சி. கோபாலனும் ராம சாஸ்திரி, பாலசுப்பிரமணியன் ஆகியோரும் தொகுத்து 1971-ல் வந்த 'இந்திய உணவுகளின் சத்து மதிப்பு' அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் துறையின் வேதமாக இருந்தது. பாடப்புத்தகம், பத்திரிகை மருத்துவக் குறிப்பு, மருத்துவமனை உணவுப் பட்டியல் எல்லாம் அதிலிருந்தே எடுத்தன.

அந்த அட்டவணையின்படி 100 கிராம் முருங்கைக்கீரையில் புரதம் 6.7 கிராம், கால்சியம் 440 மில்லிகிராம், வைட்டமின் சி 220 மில்லிகிராம். தண்டுக்கீரையில் புரதம் 4 கிராம், கால்சியம் 397 மில்லிகிராம், வைட்டமின் சி 99 மில்லிகிராம். பீட்டா கரோட்டினிலும் முருங்கையே முன்னால் நின்றது. இதுவரை ஊர்ப்பேச்சோடு ஒத்துப்போகிறது. இரும்புக்கு வரும்போதுதான் கதை திரும்புகிறது.

25.5 எப்படி 3.49 ஆனது

பழைய பதிப்பில் தண்டுக்கீரையின் இரும்பு 100 கிராமுக்கு 25.5 மில்லிகிராம். முருங்கைக்கீரையின் இரும்பு 7 மட்டுமே. ஆக, இரும்புக்கு முருங்கை என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அதிகாரப்பூர்வ அட்டவணை தண்டுக்கீரைக்கு அதைவிட மூன்றரை மடங்கு கொடுத்திருந்தது. நம்பிக்கை இந்த அட்டவணையிலிருந்து பிறக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1989-ல் நரசிங்க ராவ், தியோஸ்தலே, பந்த் ஆகியோர் திருத்திய பதிப்பு வந்தது. அதில் தண்டுக்கீரையின் இரும்பு 3.49 ஆனது. முருங்கைக்கீரையினுடையது 0.85 ஆனது. பசலை 10.9-லிருந்து 1.14-க்கு இறங்கியது. கீரை ஒரே இரவில் சத்து இழக்கவில்லை. இலையில் ஒட்டிய மண்ணின் இரும்பும், இரும்பை அளக்கும் பழைய முறைகளின் குறைகளும் முன்பு எண்ணிக்கையை ஏற்றிவைத்திருந்தன என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

மண் என்ற காரணத்தைச் செட்டிநாட்டுக்காரர்கள் எளிதில் ஏற்பார்கள். செம்பூரான்கல் வெட்டி எடுக்கும் பூமி இது; மண்ணுக்கு அந்தச் சிவப்பைக் கொடுப்பதே இரும்பு ஆக்சைடு. தண்டுக்கீரை தரையோடு தரையாக வளர்கிறது. மழைத்துளியோ ஊற்றும் தண்ணீரோ பட்டால் மண் தெறித்து இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டும். முருங்கை தலைக்கு மேலே நிற்கிறது. எனவே மண் கலப்பு தண்டுக்கீரையின் எண்ணையே அதிகம் உயர்த்தியிருக்கும் என்று கருத இடமுண்டு. ஆனால் முருங்கையின் எண்ணும் எட்டில் ஒரு பங்காகக் குறைந்திருப்பதை மண்ணால் மட்டும் விளக்க முடியாது. அளவீட்டு முறையும் மாதிரி எடுத்த இடமும் இதில் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும்.

மேற்கத்திய நாடுகளில் பசலைக்கு இதே கதி நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் வேதியியலாளர் ஒருவர் தசமப்புள்ளியை இடம் மாற்றி எழுதிவிட்டதால் பசலையின் இரும்பு பத்து மடங்காகிவிட்டது என்ற கதை, 1981-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் டெரன்ஸ் ஹாம்ப்ளின் எழுதிய பிறகு உலகமெங்கும் பரவியது. 2010-ல் மைக் சட்டன் தேடிப் பார்த்து, அந்தத் தசமப்புள்ளிக் கதைக்கே ஆதாரம் இல்லை என்று காட்டினார். உலர்ந்த இலையின் எண்ணும் பச்சை இலையின் எண்ணும் குழம்பியதும், அன்றைய சோதனை முறைகளின் குறையும் காரணமாக இருந்திருக்கலாம் என்பதே இப்போது அதிகம் ஏற்கப்படும் கருத்து.

மூன்றாவது அட்டவணை 2017-ல் வந்தது. லோங்வா தலைமையில் அதே ஹைதராபாத் நிறுவனம் நாட்டை ஆறு வட்டாரங்களாகப் பிரித்து மாதிரி எடுத்து, 528 உணவுகளைப் புதிதாக அளந்தது. இதில் பச்சைத் தண்டுக்கீரையின் இரும்பு 4.6 மில்லிகிராம், முருங்கைக்கீரையினதும் 4.6-தான், இரண்டாவது தசமத்தில்தான் வேறுபாடு. சிவப்புத் தண்டுக்கீரை 7.2-ஐத் தாண்டுகிறது. கால்சியத்தில் பச்சைத் தண்டுக்கீரை 330, முருங்கை 314 என்று வரிசை மாறியிருக்கிறது. வைட்டமின் சி முருங்கையில் 108, தண்டுக்கீரையில் 84. பீட்டா கரோட்டின் முருங்கையில் தண்டுக்கீரையைப் போல இரு மடங்கு. இரத்தம் ஊற உதவும் ஃபோலேட்டில் தண்டுக்கீரை மேலே.

ஒரே நிறுவனத்தின் மூன்று பதிப்புகளில் ஒரே கீரைக்கு மூன்று எண். இதனால் அட்டவணையே பொய் என்று ஒதுக்குவது தவறு. ஒவ்வொரு எண்ணும் ஒரு குறிப்பிட்ட மண், ஒரு குறிப்பிட்ட இலை, ஒரு குறிப்பிட்ட கருவி மூன்றும் சேர்ந்து தந்தது என்று படிக்க வேண்டும். பொதுமக்களுக்குக் கீரைச் சத்து சொல்லும் எழுத்துகளில் பலவும் எந்தப் பதிப்பிலிருந்து எண் எடுத்தன என்று சொல்வதே இல்லை. 25.5 இன்னும் அச்சில் உலவுகிறது.

தண்ணீரை நீக்கிப் பார்த்தால்

அட்டவணைகள் 100 கிராம் பச்சை இலையை அலகாகக் கொள்கின்றன. இதில் ஒரு மறைந்த சாய்வு இருக்கிறது. பழைய அட்டவணையின்படி தண்டுக்கீரையில் ஈரம் 85.7 சதவீதம், முருங்கைக்கீரையில் 75.9 சதவீதம். அதாவது 100 கிராம் தண்டுக்கீரையில் உண்மையான இலைப்பொருள் 14 கிராம். முருங்கையில் 24 கிராம். புரதத்தை இந்த இலைப்பொருளோடு வகுத்தால் இரண்டிலும் ஏறத்தாழ 28 சதவீதம் வருகிறது. முருங்கையின் புரத முன்னிலை முழுவதும் தண்ணீர்க் கணக்கு. இரும்பை இதே முறையில் வகுத்தால், 2017-ன் எண்களிலும் தண்டுக்கீரை தெளிவாக முன்னே வந்துவிடுகிறது. கரோட்டினில் முருங்கையின் முன்னிலை பெரும்பாலும் கரைந்து, சிறிய அளவாகிவிடுகிறது.

எந்த அலகு நியாயமானது? ஆய்வாளர்கள் உலர் எடையை விரும்புவார்கள். சாப்பிடுகிறவர் உலர் எடையில் சாப்பிடுவதில்லை. ஆனால் அவர் 100 கிராம் என்ற அலகிலும் சாப்பிடுவதில்லை. தண்டுக்கீரை ஒரு கட்டு வாங்கினால் தண்டோடு சேர்த்து ஒரு வீட்டுக்கு ஆகும், ஒருவர் தட்டில் கணிசமாக விழும். முருங்கைக்கீரையை உருவி, காம்பு நீக்கி, ஆய்ந்து எடுப்பது நேரம் தின்னும் வேலை. வதங்கினால் கைப்பிடிக்குள் அடங்கும், கசப்பும் உண்டு. ஆள் ஒருவருக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்பதை வைத்து ஒப்பிட்டால் தண்டுக்கீரையின் நிலை உயரும் என்றே நினைக்கிறேன்.

செனகல் வழியாகத் திரும்பி வந்த முருங்கை

முருங்கையின் இன்றைய புகழுக்கு ஒரு வெளிநாட்டுச் சுற்றும் உண்டு. 1990-களில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் ஒரு தேவாலயத் தொண்டு நிறுவனத்துக்காகப் பணியாற்றிய லோவெல் ஃபுக்லி, 1999-ல் முருங்கையை அதிசய மரம் என்று பெயர்சூட்டி நூல் வெளியிட்டார். ஆரஞ்சைவிட ஏழு மடங்கு வைட்டமின் சி, பாலைவிட நான்கு மடங்கு கால்சியம் என்ற வரிசை அதன்பின் உலகமெல்லாம் ஒட்டப்பட்டது. அந்த ஒப்பீடுகளில் வரும் 220, 440, 6.7 என்ற எண்கள் நமது ஹைதராபாத் அட்டவணையின் எண்கள்தான். ஆரஞ்சுக்கு அந்த அட்டவணை கொடுத்த 30-ஆல் 220-ஐ வகுத்தால் ஏழு வருகிறது. 2017 அட்டவணையைக் கொண்டு வகுத்தால் இரண்டரை மடங்குதான். அதுவும் பச்சை இலைக்கு. ஆரஞ்சைப் பச்சையாகத் தின்கிறோம், முருங்கையை வேகவைக்கிறோம். வைட்டமின் சி வெப்பத்தில் எளிதில் அழியும்.

பசலையைவிட 25 மடங்கு இரும்பு என்ற கூற்று இன்னும் பலவீனமானது. உலர்ந்த முருங்கைத் தூளின் 28.2 மில்லிகிராமைப் பச்சைப் பசலையின் 1.14 மில்லிகிராமால் வகுத்தால் ஏறக்குறைய 25 வருகிறது. உலர்ந்த பொருளையும் ஈரமான பொருளையும் எதிரெதிரே நிறுத்திய ஒப்பீடு அது. 100 கிராம் தூளை ஒரு நாளில் யாரும் உண்பதில்லை. இரண்டு கரண்டி தூள் பதினைந்து கிராம்கூட வராது. இந்தக் கூற்றுகளை ஒட்டிய பாட்டில்களும் மாத்திரைகளும் இன்று தமிழ்நாட்டுக் கடைகளிலேயே நல்ல விலைக்கு விற்கப்படுகின்றன. கொல்லையில் மரம் நிற்கிறவர்கள் அவற்றை வாங்க எந்தக் காரணமும் இல்லை.

இலையில் இருப்பதும் உடலில் சேர்வதும்

அட்டவணையில் இருக்கும் இரும்பு முழுவதும் இரத்தத்தில் சேர்வதில்லை. தாவர இரும்பை உடல் குறைவாகவே உறிஞ்சுகிறது. 1978-ல் நரசிங்க ராவும் பிரபாவதியும், உணவிலிருந்து எவ்வளவு இரும்பு உடலுக்குக் கிடைக்கும் என்பதைச் சோதனைக்குழாயிலேயே மதிப்பிடும் முறையை உருவாக்கினார்கள். கேள்வி 'எவ்வளவு இருக்கிறது' என்பதிலிருந்து 'எவ்வளவு கிடைக்கிறது' என்பதற்கு நகர்ந்ததில் ஹைதராபாத்துக்கு முக்கியப் பங்கு உண்டு.

இந்த இடத்தில் இரு கீரைகளுக்கும் உண்மையான வேறுபாடு தென்படுகிறது. தண்டுக்கீரையில் ஆக்சாலிக் அமிலம் 100 கிராமுக்கு ஏறத்தாழ 770 மில்லிகிராம். முருங்கையில் நூறை ஒட்டி. இந்த அமிலம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே 2017 அட்டவணையில் தண்டுக்கீரையின் கால்சியம் சற்று அதிகம் என்பதற்குப் பெரிய பொருள் இல்லை. உடலுக்குச் சேரும் கால்சியத்தில் முருங்கையே மேல் என்பதை ஓரளவு உறுதியாகவே சொல்லலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் தண்டுக்கீரை, பசலையைக் குறைக்கச் சொல்வதும் இதனால்தான். இரும்பில் ஆக்சாலிக் அமிலத்தின் பங்கு அவ்வளவு தெளிவாக இல்லை. கீரைகளில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பு உறிஞ்சலைத் தடுக்கின்றன. முருங்கையிலும் அவை கணிசமாக உண்டு.

வைட்டமின் ஏ விஷயத்திலும் அட்டவணை எண்ணை அப்படியே நம்ப முடியவில்லை. 1995-ல் மேற்கு ஜாவாவில் பாலூட்டும் தாய்மாருக்குக் கரும்பச்சைக் கீரை கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, அவர்களின் வைட்டமின் ஏ நிலை உயரவில்லை என்று கண்டது. 2001-ல் அமெரிக்க மருத்துவக் கழகம் ஒரு பங்கு வைட்டமின் ஏ-க்கு ஆறு பங்கு பீட்டா கரோட்டின் என்ற பழைய விகிதத்தைப் பன்னிரண்டாக மாற்றியது. கூடவே எண்ணெய் சேர்ந்தால் கரோட்டின் நன்றாக உறிஞ்சப்படுகிறது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

மண்டியும் துவட்டலும்

செட்டிநாட்டு அடுப்பைக் கணக்கில் கொள்ளாமல் இந்த ஒப்பீடு முடியாது. அரைக்கீரை, முளைக்கீரை போன்றவற்றை இங்கே மண்டியாக வைப்பதுண்டு. அரிசி களைந்த கெட்டித் தண்ணீரில் சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்த்துக் கீரையை வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குவார்கள். முருங்கைக்கீரை பெரும்பாலும் துவட்டலாகிறது. எண்ணெயில் வெங்காயம் தாளித்து, தண்ணீரைத் தெளித்து வதக்கி, தேங்காய்ப்பூ தூவுவது.

மண்டியை உணவறிவியலின் கண்ணால் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அரிசியைக் களையும்போது தயமின் என்னும் பி1 வைட்டமின் கணிசமாக வெளியேறுகிறது என்பதை 1940-ல் அய்க்ராய்டும் கூட்டாளிகளும் இந்திய அரிசிச் சிக்கல் பற்றிய ஆய்வில் எழுதினார்கள். அந்தத் தண்ணீரை ஆச்சிமார் கொட்டாமல் கீரைக்கு ஊற்றினார்கள். வெளியேறிய சத்தில் ஒரு பங்காவது திரும்பி வந்திருக்கும். கீரை வெந்த தண்ணீரும் மண்டியிலேயே நிற்பதால் நீரில் கரையும் ஃபோலேட் வீணாவதில்லை. தேங்காய்ப்பாலின் கொழுப்பு கரோட்டினுக்கு உதவுகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. தண்ணீரை வடித்துக் கொட்டினால் நீங்கக்கூடிய ஆக்சாலிக் அமிலமும் மண்டியில் அப்படியே தங்குகிறது. துவட்டலில் எண்ணெய் உண்டு. ஆனால் வாய் திறந்த சட்டியில் நீண்ட நேரம் வதக்கினால் முருங்கையின் வைட்டமின் சி மேன்மை போய்விடும். அட்டவணையில் 108-க்கும் 84-க்கும் இருந்த வேறுபாடு, வெந்து தட்டுக்கு வருவதற்குள் எவ்வளவு மிஞ்சும் என்பது சமைக்கிறவர் கையில் இருக்கிறது. சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்தால் இரண்டு கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபியோ தேநீரோ குடித்தால் குறையும். எந்தக் கீரை என்ற தேர்வைவிட இந்த இரண்டு பழக்கங்களின் விளைவு பெரிதாக இருக்கக்கூடும்.

தீர்ந்ததும் தீராததும்

கையில் இருப்பதை வைத்துச் சொல்லக்கூடியது இவ்வளவு. எடைக்கு எடை பார்த்தால் கரோட்டின், புரதம், உடலுக்குச் சேரும் கால்சியம் மூன்றிலும் முருங்கைக்கீரைக்கு முன்னிலை உண்டு. ஃபோலேட்டில் தண்டுக்கீரை முந்துகிறது. இரும்புக்கு முருங்கைதான் என்ற நம்பிக்கையை மூன்று அட்டவணைகளில் ஒன்றுகூட ஆதரிக்கவில்லை. முருங்கைக்கீரை கொடுத்து ஹீமோகுளோபின் உயர்ந்ததாகக் காட்டும் ஆய்வுகள் உள்ளன. அவற்றில் பலவும் சிறியவை, தூளைப் பயன்படுத்தியவை, முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. தண்டுக்கீரையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தவை அரிது.

தீராத கேள்விகளில் முதலாவது இனம் பற்றியது. அட்டவணை சொல்லும் தண்டுக்கீரை ஒன்று. சந்தையில் விற்பது நான்கைந்து. அரைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் தண்டுக்கீரையின் எண்ணையே எடுத்துப் போடுவது சரியா என்பது தெளிவாகவில்லை. முருங்கையிலும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட செடிமுருங்கையும் கொல்லையில் நிற்கும் பழைய மரமுருங்கையும் ஒரே இலை தருமா என்று கேட்க வேண்டும். இரண்டாவது, மண். சிவகங்கை மாவட்டத்துச் செம்மண்ணில் விளைந்த இலையைத் தனியே, நன்கு கழுவியும் கழுவாமலும் அளந்தால் 25.5 எப்படி வந்தது என்ற பழைய புதிருக்கும் ஒருவேளை விடை கிடைக்கலாம். மூன்றாவது, சமைத்த உணவு. மண்டியாகவும் துவட்டலாகவும் தட்டுக்கு வந்த கீரையில் என்ன மிஞ்சுகிறது என்பதே மக்களுக்குத் தேவையான எண். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. செட்டிநாட்டில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வறண்டநில ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த அளவீட்டை அவை கையில் எடுத்தால் மாவட்டத்தின் அங்கன்வாடிகளுக்கும் சத்துணவுக் கூடங்களுக்கும் நேரடியாகப் பயன்படும்.

அதுவரை ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்த கணக்கின்படி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். 2017 அட்டவணையின்படி 100 கிராம் பச்சைத் தண்டுக்கீரையோ முருங்கைக்கீரையோ அதில் ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இரண்டு கீரையையும் மாற்றி மாற்றித் தாராளமாகச் சாப்பிடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும், முருங்கைக்கீரை சாப்பிடுகிறோமே என்று நிறுத்திவிட வேண்டாம்.